சிவப்புத் தொட்டியிலிருந்து திரும்பி வந்த வைரஸ்

என் உடம்பில் இருக்கும் எச்.ஐ.வி. ஒரு ரிஜெக்ட் பீஸ் என்று பத்து மாதம் நம்பியிருந்தேன். நம்பி மாத்திரையை நிறுத்தினேன். டாக்டரிடம் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் அவள் கர்ப்பமாக இருப்பது தெரிந்தது. என்னிடமிருந்து அவளுக்குப் போயிருக்குமா, வயிற்றில் இருப்பதற்கும் போய்விடுமா என்று மூன்று மாதம் நான் பட்ட பாடுதான் இது. என்னைப் போல இன்னொரு அதிகப்பிரசங்கி எங்கேயாவது மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான். அவன் படிக்கட்டும். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடம் வந்து பதினோரு வருடமாகிறது. வல்லம் வடகாலில் காருக்குச் சின்னச் சின்ன இரும்புப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். லைனில் வரும் பாகத்தை அளந்து பார்ப்பேன். சரியாக இருந்தால் விடுவேன், இல்லாவிட்டால் சிவப்புத் தொட்டியில் போடுவேன். அந்தத் தொட்டிக்குப் பூட்டு உண்டு, சாவி என்னிடம் இருக்கும். உள்ளே போனது போனதுதான் என்று புதுப் பையன்களிடம் பெருமையாகச் சொல்லுவேன். என் மண்டைக்குள்ளும் அப்படி ஒரு பூட்டு இருக்கிறது, ஒரு முடிவு எடுத்துவிட்டால் திறக்கவே மாட்டேன் என்பாள் என் மனைவி ஸ்டெல்லா. அவள் வல்லம் பக்கத்து ஊர்க்காரி. அவள் அப்பா நெல் நட்ட இடத்தில்தான் எங்கள் கம்பெனி கேண்டீன் இருக்கிறது. அவளுக்குச் செல்போன் கம்பெனியில் வேலை. குன்றத்தூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம்.

வருடத்துக்கு ஒருமுறை கம்பெனியில் ரத்ததான முகாம் போடுவார்கள். கொடுத்தவனுக்கு ஒரு ஜூஸ், ஒரு சான்றிதழ், அரை நாள் ஓய்வு. அந்த அரை நாளுக்காகத்தான் போனேன். இரண்டு வாரம் கழித்து, ஒருமுறை நேரில் வர முடியுமா என்று ரத்த வங்கியிலிருந்து போன் வந்தது. அங்கிருந்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே மூன்று விதமாகப் பார்த்து உறுதி செய்தார்கள். எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முந்தைய கதை. ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டேன், இங்கே எழுதத் தேவையில்லை.

அவளுக்கும் பரிசோதித்தார்கள். இல்லை என்று வந்தது. அன்றைக்கு அவள் என்னை விட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தால் ஒரு வார்த்தை கேட்க எனக்கு வாயில்லை. மூன்றாம் நாள் காலையில் டிபன் பாக்ஸை நீட்டிக்கொண்டே, "இன்னா பண்றது. சுகருக்குப் போடறாப்ல டெய்லி மாத்திரைய போட்டுக்கினு இரு. நான் எங்கயும் போவல" என்றாள்.

டாக்டரம்மா நிதானமானவர். இந்த வைரஸ் பல வருடமாகவே உடம்பில் இருக்க வேண்டும், ஆனால் எதிர்ப்பு அணுக்கள் அதிகம் குறையவில்லை, அபூர்வமாகச் சிலருக்கு இப்படி இருக்கும் என்றார். அப்போதே எனக்குள் ஒரு மிதப்பு வந்துவிட்டது. "இருந்தாலும் மாத்திரைய இன்னைக்கே ஆரம்பிக்கணும்" என்று அவர் சொன்னது காதில் பாதிதான் விழுந்தது. முதல் மாத்திரைக்கு முன்னால், இப்படி நோய் மெதுவாகப் போகிறவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் காயத்ரி என்ற பெண், கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு குழாய் ரத்தம் எடுத்துக்கொண்டது.

மாத்திரை வேலை செய்தது. ஆறு மாதத்தில், ரத்தத்தில் வைரஸைக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. அப்படி இருக்கும் வரை மனைவிக்குப் போகாது, குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்றார் டாக்டரம்மா. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் ஸ்டெல்லா எனக்குக் கரும்பு ஜூஸ் வாங்கித் தந்தாள். அவள் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

ஒரு வருடத்துக்குமேல் ஆன பிறகு காயத்ரி தன் முடிவைச் சொன்னது. எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். வைரஸுக்கு உடம்பு, தோல், நகலெடுக்கும் கருவி என்று முக்கியமான பாகங்கள் உண்டு. அவை இல்லாவிட்டால் வைரஸே இல்லை. அவை தவிர, துணைப் புரதங்கள் என்று சில உண்டு. எங்கள் லைனில் வெல்டிங் செய்யும்போது பாகத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஜிக் இருக்கும். அது காரோடு போகாது. ஆனால் அது இல்லாவிட்டால் வேலை தடுமாறும். துணைப் புரதமும் அப்படித்தான். அதில் நெஃப் என்று ஒன்று. நம் அணுவுக்குள் வைரஸ் புகுந்தால் அந்த அணு தன் வெளிச்சுவரில் ஒரு கொடியை ஏற்றும், உள்ளே திருடன் இருக்கிறான் என்று. காவல் அணுக்கள் அந்தக் கொடியைப் பார்த்து வந்து அந்த அணுவை அழிக்கும். நெஃபின் வேலைகளில் ஒன்று, அந்தக் கொடியை இறக்கி மறைப்பது.

"உங்க வைரஸ்ல நெஃப் கொஞ்சம் மாறியிருக்கு சார்" என்றது காயத்ரி. "அது ஒரு சங்கிலி மாதிரி, இருநூறு சொச்சம் கண்ணி. அதுல ஒரே ஒரு கண்ணி வேற. அந்த இடம்தான் கொடியை இறக்குறது. அதனால உங்க உடம்புல இருக்கிற வைரஸால சரியா ஒளிஞ்சிக்க முடியல. மத்த வேலையெல்லாம் அது செய்யுது. உங்களுக்கு நோய் மெதுவா போனதுக்கு இது ஒரு காரணமா இருக்கலாம். இது மட்டும்தான்னு சொல்ல முடியாது. மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க."

அந்தப் பெண் இவ்வளவு சொன்னது. எனக்கு ஒரே வாக்கியம்தான் மனதில் நின்றது. இந்த வைரஸ் அளவு தப்பிய ஒரு பீஸ். இத்தனை வருடம் நான் பார்த்த வேலை அதுதான். அளவு தப்பியதா, சிவப்புத் தொட்டி, பூட்டு, கதை முடிந்தது. பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் பூட்டைப் போட்டுவிட்டேன்.

மாத்திரையும் எனக்குத் தொல்லையாகத்தான் இருந்தது. வாரம் ஒரு ஷிப்ட் மாறும். ஷிப்ட் மாறினால் மாத்திரை நேரம் இடிக்கும். கம்பெனி பஸ்ஸில் டப்பா கலகலவென்று சத்தம் போடும், எவனாவது என்ன என்று கேட்பான். மாத்திரை கொடுக்கும் மையத்தில் மாதாமாதம் மீதி மாத்திரையை எண்ணிப் பார்ப்பார்கள் என்பதால் தினமும் ஒன்றை எடுத்துக் கழிவு எண்ணெய்த் துணிகள் போடும் டிரம்மில் எறிந்தேன். எண்ணிக்கை அழகாகச் சரியாக வந்தது. வருடாந்தர வைரஸ் பரிசோதனைக்குக் கூப்பிட்டபோது ஓவர்டைம் இருக்கிறது என்று இரண்டு முறை தள்ளிப்போட்டேன். ஸ்டெல்லா சில நாள் போன் செய்து, "மாத்திர போட்டியா" என்று கேட்பாள். "போட்டாச்சு ளா" என்பேன். வீட்டில் குழந்தைக்காக அவள் வேண்டிக்கொண்டே இருந்தாள்.

பத்தாம் மாதம் சாயங்காலமானால் காய்ச்சல் வர ஆரம்பித்தது. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஒருநாள் லைனில் குனிந்து நிமிரும்போது வலது பக்கம் யாரோ முழங்காலால் அழுத்துவது போல மூச்சு அடைத்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்திருக்கிறது என்றார்கள். அட்மிட் செய்தார்கள்.

முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, விலா எலும்புகளுக்கு நடுவே இன்னொரு ஊசியை இறக்கினார் ஒரு இளம் டாக்டர். "அசையாதீங்கண்ணா, இருமல் வந்தா முன்னாடியே சொல்லுங்க." வெளியே வந்த நீர் தேன் கலந்த தண்ணீர் நிறத்தில் இருந்தது. அதைப் பரிசோதித்துக் காசநோய் என்றார்கள். எச்.ஐ.வி. அடங்கியிருக்கும் உடம்பில் இது சுலபமாக வராது, எழுந்துவிட்டால் வரும். டாக்டரம்மா என் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாத்திரை ஒழுங்கா போடறீங்கள்ல" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். என் பக்கத்தில் ஸ்டெல்லா, "கரெக்டா போட்டுக்கினுதான் மேடம் கீறாரு" என்று எனக்காகச் சாட்சி சொன்னாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

மூன்றாம் நாள் மத்தியானம். மாமியார் கொடுத்துவிட்ட கேழ்வரகுக் கஞ்சியை ஸ்டெல்லா டம்ளரில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டே, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்யா. நீ எழுந்து வூட்டுக்கு வந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். நாள் தள்ளிப்போயி ரெண்டு மாசம் ஆவுது. டெஸ்ட் பண்ணிட்டேன்" என்றாள். டம்ளரை என் கையில் கொடுத்து என் விரல்களை அதன்மேல் மடக்கிவிட்டாள்.

அவள் கண்ணில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க முடியவில்லை. கஞ்சியைக் குடித்தேன். வாந்தி எடுத்தேன். காசநோய் மாத்திரைதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மறுநாள் வரை தாக்குப்பிடித்தேன். அதற்குமேல் முடியவில்லை. அவள் என் சட்டையைத் துவைத்து ஜன்னல் கம்பியில் போட்டுக்கொண்டிருந்தாள். "ஏளா, இங்க உக்காரு. நான் பத்து மாசமா மாத்திர போடல" என்றேன்.

"எந்த மாத்திர?"

"அந்த மாத்திரதான். வைரஸுல கோளாறுன்னு அந்தப் புள்ள சொல்லுச்சுல்லா, அது இனி ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சிட்டேன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். வார்டில் நாலு பேர் பார்க்கக் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் தன் வயிற்றின்மேல் கையை வைத்தாள். பிறகு ஈரச் சட்டையை முழுதாகப் பிழிந்து, மறுபடி பிழிந்து, கம்பியில் போட்டாள்.

"நான் டெய்லி கேட்டேன்யா" என்றாள். அவ்வளவுதான். நேராக டாக்டரம்மா அறைக்குப் போனாள்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஏன் நிறுத்தினேன் என்று கேட்டார். நான் சிவப்புத் தொட்டியைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க தொட்டியில போட்ட பீஸ் எப்பவுமே லைனுக்குத் திரும்பி வந்ததில்லையா" என்றார்.

வந்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆபரேட்டர், ஷிப்ட் கணக்குக் குறைகிறதே என்று, தொட்டியிலிருந்த பத்துப் பதினைந்து பாகங்களை எடுத்து அரத்தால் ராவி, அளவுக்குக் கொண்டுவந்து, நல்ல பாகங்களோடு கலந்துவிட்டான். அந்தத் தடவை அனுப்பிய முழு லாட்டும் கார் கம்பெனியிலிருந்து திரும்பி வந்தது. அவனைக் கிழித்துத் தொங்கவிட்டேன். தொட்டி எப்படித் திறந்தது என்று மானேஜர் கேட்டபோதுதான் தெரிந்தது, சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனவன் நான். அதையும் டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

"உங்க கம்பெனியில ஒரு ஆள் வந்து ராவணும்" என்றார் டாக்டரம்மா. "இது தானே நகல் எடுக்கும். ஒவ்வொரு நகல்லயும் எங்கயாவது ஒரு எழுத்துப்பிழை வரும். கோடிக்கணக்கா நகல் எடுக்கும்போது, ஏதோ ஒண்ணுல அந்தக் கெட்ட கண்ணி பழையபடி சரியாயிடலாம். அந்த ஒண்ணால ஒளிஞ்சிக்க முடியும், அதனால அதுதான் பெருகும். மாத்திரை என்ன பண்ணுது? நகல் எடுக்கிறதையே நிறுத்தி வைக்குது. நகலே இல்லன்னா, அது எங்க தன்னைச் சரிபண்ணிக்கும்?"

சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு நான் மறுபடியும் போயிருக்கிறேன் என்று புரிந்தது. இந்த முறை பத்து மாதம்.

அன்றைக்கே ஸ்டெல்லாவுக்கு ரத்தம் எடுத்தார்கள். இல்லை என்று வந்தது. எனக்கு உயிர் திரும்பியது, ஒரு நிமிடத்துக்கு. புதிதாகத் தொற்றியிருந்தால் சில வாரங்களுக்குப் பரிசோதனையில் தெரியாமல் போகலாம், ஆறு வாரத்தில் ஒருமுறையும் மூன்று மாதத்தில் ஒருமுறையும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. தொற்றியிருந்தாலும் உடனே மாத்திரை ஆரம்பித்தால் குழந்தையை அநேகமாகக் காப்பாற்றிவிடலாம் என்றும் சொன்னார். அந்த 'அநேகமாக' என்ற வார்த்தையை நான் எத்தனை தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

காயத்ரி வந்து மறுபடி ஒரு குழாய் ரத்தம் எடுத்தது. இரண்டு வாரம் கழித்து எச்.ஐ.வி. மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார்கள். காசநோய் மருந்து அதன் வீரியத்தைக் குறைக்கும் என்பதால், காலையில் வழக்கமான மாத்திரை, பன்னிரண்டு மணி நேரம் கழித்து அதிலுள்ள ஒரு மருந்து மட்டும் இன்னொரு தடவை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம் என்றார் சிஸ்டர். பயப்படுவதற்கு எனக்கு வேறு விஷயம் இருந்தது.

மாத்திரை கொடுத்த முதல் நாள் ஸ்டெல்லா டம்ளரோடு கட்டிலுக்கு அருகே நின்றாள். விழுங்கினேன். "வாயத் தொற" என்றாள். திறந்தேன். "நாக்க தூக்கிக் காட்டு." பக்கத்துக் கட்டில்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தாறு வயதில் நாக்கைத் தூக்கிக் காட்டினேன். அவள் குனிந்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுப் போனாள். ஆனால் மத்தியானம் ரசம் சாதத்தைக் குழைத்து, எனக்குப் பிடிக்குமே என்று அப்பளத்தைத் தனியாக நொறுங்காமல் கொண்டுவந்திருந்தாள். அந்த அப்பளத்தைப் பார்த்துதான் அழுதேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஆறாவது வாரப் பரிசோதனை. இல்லை. நான் மூச்சு விட்டேன், அவள் விடவில்லை. "இன்னும் ஒண்ணு கீதே" என்றாள்.

அதற்கடுத்த மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தொண்டை வலி, உடம்பு வலி. புதிதாகத் தொற்றினால் ஃப்ளூ காய்ச்சல் போல வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இரண்டு பேருக்கும் அது ஞாபகம் வந்தது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். "உனக்கு ஆரம்பத்துல இப்டிதான் இருந்துச்சா" என்று கேட்டாள். ஞாபகம் இல்லை என்றேன். உண்மையிலேயே ஞாபகம் இல்லை. நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. அவள் லைனில் பாதிப் பேருக்கு அதே காய்ச்சல் என்று பிறகு தெரிந்தது. அந்த நாலு நாளில் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

காயத்ரி போன் செய்தது அந்தச் சமயத்தில்தான். "சார், ரெண்டாவது சாம்பிள்ல அந்தக் கண்ணி பழையபடி ஆயிருக்கு. லேப்ல நெஃபை மட்டும் தனியா வச்சுப் பார்த்தோம், கொடியை இறக்குது." அந்தப் பெண்ணின் குரலில் கண்டுபிடித்த பரபரப்பும் எனக்காக வருத்தமும் சேர்ந்தே இருந்தன. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

அதன் பிறகு வந்ததுதான் எல்லாவற்றிலும் மோசமான பயம். எனக்கு வந்தபோது அது குறையுள்ள வைரஸ். அந்தக் குறையின் தயவில்தான் நான் இத்தனை வருடம் நடமாடினேன். ஸ்டெல்லாவுக்குப் போயிருந்தால், அது நான் இடம் கொடுத்துச் சரியாகிப் போன வைரஸாக இருக்கலாம். எனக்குக் கிடைத்த அந்தச் சலுகைகூட அவளுக்குக் கிடைக்காது. இதை அவளிடம் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் சொல்லாமல் இருந்துதான் இவ்வளவும் வந்தது. சொல்லிவிட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி. தெரிஞ்சுக்கினா நல்லதுதான்" என்றாள். அப்புறம் காய் நறுக்கப் போனாள்.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு என்னை வர வேண்டாம் என்றாள். அம்மாவைக்கூடக் கூப்பிடவில்லை. அம்மாவுக்கு எதுவும் தெரியாது. நான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்த சமயம், காலை ஷிப்ட். லைனில் செல்போன் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். எட்டு மணி நேரம் பாகங்களை அளந்தேன். எதை விட்டேன், எதைத் தொட்டியில் போட்டேன் என்று எனக்கே தெரியாது. டீ நேரத்தில் எழுந்தவன், இரண்டு தடவை திரும்பி வந்து பூட்டில் சாவி இருக்கிறதா என்று பார்த்தேன்.

ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தேன். போனில் எதுவும் இல்லை. அழைப்பும் இல்லை, செய்தியும் இல்லை. தொற்று இருப்பதாக வந்திருக்கிறது, அதனால்தான் போன் செய்ய அவளுக்குத் தெம்பில்லை என்று அந்த ஒரு நிமிடத்தில் முடிவே செய்துவிட்டேன். கேட்டுக்கு வந்தேன்.

கேட்டுக்கு வெளியே கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்தில், வெயிலில், ஐந்து மாத வயிற்றைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு ஸ்டெல்லா நின்றிருந்தாள். மருத்துவமனையிலிருந்து நேராக இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தாள். கிட்டே வந்ததும் வாயாலும் சொன்னாள்.

"இல்லய்யா. எனக்கு இல்ல. முடிஞ்சிதுன்னு மேடம் சொல்லிட்டாங்க. போன்ல சொன்னா நீ எங்கனா உழுந்து கிழுந்து வெப்பன்னுதான் நேர்ல வந்தேன்."

ஷிப்ட் விட்டு வரும் நூறு பேருக்கு நடுவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என் தலைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "எழுந்திருய்யா, பஸ்சு கெளம்பப் போவுது" என்றாள்.

மறுநாள் காலையில் மாத்திரையை நானே எடுத்துப் போட்டுத் தண்ணீர் குடித்தேன். மூன்று மாதக் கண்டம் தீர்ந்தது, இனி அந்த நாக்குச் சோதனை இருக்காது என்று நினைத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். ஸ்டெல்லா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாசலை மறித்து நின்றாள்.

"நாக்க காட்டு" என்றாள்.

இப்போது எங்கள் மகளுக்கு எட்டு மாதம். காலையில் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்தபடி அவளும் என் வாயை எட்டிப் பார்க்கிறாள். தினமும் காட்டுகிறேன்.